கடைசி ஸ்டேஷனுக்கு வந்த கலைக் கல்வி

(நமது சாமராஜநகர் நிருபர்)

சாமராஜநகர் ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்து விடுகிறது. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, கவலந்தே, பதனகுப்பே வழியாகச் சுமார் 60 கிலோ மீட்டர் ஓடி வரும் வண்டி, இங்கே நின்று, வந்த வழியே திரும்பியாக வேண்டும். இங்கிருந்து சத்தியமங்கலம் வழியாகத் தமிழகத்துக்குப் பாதை போடும் பேச்சு பல காலமாக இருந்து வருகிறது. பாதைதான் வரவில்லை.

உயர் படிப்பும் இந்த ஊருக்கு நெடுங்காலம் அப்படியே இருந்தது. பி.ஏ. வரை இங்கே படிக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால், விடியற்காலையில் எழுந்து மைசூர் வண்டியைப் பிடிக்க வேண்டும். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். மாணவர் சீசன் டிக்கெட் வாங்க வரும் முகங்களை நான் பார்க்கிறேன். இரண்டு மூன்று மாதம் தவறாமல் வரும் முகம், பிறகு காணாமல் போய் விடும். விசாரித்தால், "நிறுத்தி விட்டார்கள்" என்பார்கள்.

சில நாட்களுக்கு முன் நம்மவர் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். சேலம் பக்கத்துக்காரர். கருங்கல் குவாரியில் வேலை. இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மகள் இங்கேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்து வளர்ந்தவள்.

"சார், புள்ள பி.ஏ. முடிச்சிருச்சு. எம்.ஏ. சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. ஊர்ல மச்சான் பையனுக்குக் கேக்குறாங்க. இஞ்சினியர், நர்ஸுன்னாலும் பரவால்ல. இந்த ஆர்ட்ஸைப் படிச்சு என்ன சார் ஆகப் போவுது? நீங்க நாலு விஷயம் எழுதுறவரு, சொல்லுங்க" என்றார்.

பின்னால் வரிசை நின்றது. "பொறுங்கண்ணே, விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன்.

நான் பத்தாவது படித்தவன். தகப்பனார் காலமான பின் கருணை அடிப்படையில் ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி கிளார்க் ஆனவன். கல்லூரிப் படி ஏறியதில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி மனதில் தங்கி விட்டது. விடுமுறை நாட்களில் மைசூர் சென்றேன், படித்தேன், விசாரித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

எஞ்சினியர் போட்ட விதை

மொழி, இலக்கியம், வரலாறு, தத்துவம், பொருளாதாரம், அரசியல், சமூகவியல் ஆகியவற்றைத்தான் நாம் பொதுவாக 'ஆர்ட்ஸ்' என்கிறோம். மனிதன் எப்படி வாழ்ந்தான், எப்படி வாழ்கிறான், ஏன் அப்படி வாழ்கிறான் என்று ஆராயும் படிப்பு இது. இந்தப் படிப்பு இப்பகுதியில் வளர்ந்த கதை மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் கதையே ஆகும்.

மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் தொடங்கப்பட்டது. இந்திய சமஸ்தானம் ஒன்றில் ஏற்பட்ட முதல் பல்கலைக் கழகம் இதுதான். அப்போது மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். திவான் எம். விசுவேசுவரய்யா. கண்ணம்பாடி அணைக்குக் காரணமான எஞ்சினியரே இந்தப் பல்கலைக் கழகத்துக்கும் காரணமானவர் என்பது கவனிக்கத் தக்கது. அணையும் ஆலையும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. முதல் துணைவேந்தர் எச்.வி. நஞ்சுண்டய்யா.

தொடங்கும்போது கையில் இருந்தவை மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும்தான். பின்னாளில் கலைப் படிப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது மகாராஜா கல்லூரி.

படிப்பு வந்தது, ஆனால் அது யாருக்குக் கிடைத்தது? சமஸ்தானத்தின் படிப்பும் உத்தியோகமும் ஒரு சாராரிடமே குவிந்து கிடக்கின்றன என்ற குறை அந்நாளிலேயே எழுந்தது. அதை விசாரிக்க 1918இல் சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பின்தங்கியவர்களுக்கு உத்தியோகத்தில் இடமும், படிக்க உதவித் தொகையும் தர வேண்டும் என்று அக்குழு கூறியது. பல்கலைக் கழகம் பிறந்த இரண்டாம் ஆண்டே எழுந்த இந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. குவாரித் தொழிலாளி என்னிடம் கேட்டதும் வேறு விதத்தில் அதே கேள்விதான்.

திருத்தணிக்காரரின் ரயில் பயணம்

கட்டிடம் கட்டினால் மட்டும் கல்லூரி ஆகி விடாது. ஆசிரியர்கள் வர வேண்டும். மைசூர் ஆட்சியாளர்கள் ஊர், மொழி பாராமல் ஆள் தேடினார்கள்.

1918இல் தத்துவப் பேராசிரியராக ஒரு முப்பது வயது இளைஞர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். திருத்தணியில் பிறந்து, சென்னையில் படித்த அவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன். மூன்றே ஆண்டுகள்தான் மைசூரில் இருந்தார். 1921இல் கல்கத்தாப் பல்கலைக் கழகம் அவரை அழைத்துக் கொண்டது. அவர் புறப்பட்ட நாளில் மாணவர்கள் வண்டியை மலர்களால் அலங்கரித்து, குதிரைகளை அவிழ்த்து விட்டு, தாங்களே மைசூர் ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றதாக அவரது வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது.

ரயில்வேக்காரன் என்பதால் இந்த நிகழ்ச்சி எனக்குத் தனிப் பிரியமானது. மந்திரிகளுக்கும் நடிகர்களுக்கும் பிளாட்பாரத்தில் கூட்டம் கூடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாத்தியாரை வழியனுப்ப ஊரே திரண்டது இந்தப் பாதையின் தலைமை நிலையத்தில்தான்.

ராதாகிருஷ்ணன் கல்கத்தா போன அதே 1921இல், வங்காளத்து அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் மைசூருக்குத் துணைவேந்தராக வந்தார். 1930 வரை இருந்தார். சென்னையிலிருந்து ஒருவர், வங்கத்திலிருந்து ஒருவர் என்று வெளியூரார் வந்து கட்டிய கலைப் பிரிவு இது.

தஞ்சாவூரிலிருந்து வந்த ஓலை

ஆட்கள் மட்டுமல்ல, ஓலைச் சுவடியும் வந்தது. மைசூரில் 1891இல் தொடங்கப்பட்ட கீழ்த்திசை நூலகம் பழைய ஏடுகளைச் சேகரித்து வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் ஒரு சுவடிக் கட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். கிரந்த எழுத்தில் இருந்த அந்த ஏட்டை நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905இல் படித்துப் பார்த்தபோது, பெயர் மட்டும் தெரிந்து நூல் கிடைக்காமல் இருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அது என்று கண்டு கொண்டார். 1909இல் அச்சிட்டார். 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது.

வரி எப்படி வாங்குவது, எடையில் மோசடி செய்தால் என்ன தண்டனை, உளவு எப்படி வைப்பது என்றெல்லாம் அந்நூல் பேசுகிறது. பழைய இந்தியாவில் அரசியலும் பொருளாதாரமும் எப்படி நடந்தன என்பதை உலகம் புதிதாக எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அந்த நூலகம் பின்னர் பல்கலைக் கழகத்தோடு சேர்ந்து, கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் மைசூரில் இருந்து வருகிறது.

தஞ்சாவூரில் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது, அதைப் படித்து அறியக் கூடியவர் இருந்த இடத்துக்கு வந்ததால் பிழைத்தது. கலைப் படிப்பால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

மைசூரில் வளர்ந்த நம்மவர்கள்

'மால்குடி' என்ற கற்பனை ஊரையும் அதன் ரயில் நிலையத்தையும் உலகறியச் செய்த ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்த தமிழர். தந்தை மைசூரில் மகாராஜா கல்லூரியைச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். நாராயண் பல்கலைக் கழக நுழைவுத் தேர்வில் ஒரு முறை தோற்றவர். ஓராண்டு சும்மா இருந்து கதைப் புத்தகம் படித்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து 1930இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரீட்சையில் தவறிய பிள்ளைகளைத் திட்டித் தீர்க்கும் பெற்றோர்கள் இதை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

இன்னொருவர் சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ். பல்கலைக் கழகம் பிறந்த அதே 1916இல், மைசூரில் குடியேறியிருந்த தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். மகாராஜா கல்லூரியில் படித்தவர். பிறகு பம்பாய், ஆக்ஸ்போர்டு என்று போனவர், ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தது மைசூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தை. 1948இல் அங்கே தங்கி, யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள், யார் நிலத்தில் யார் வேலை செய்கிறார்கள், பஞ்சாயத்தில் யார் சொல் எடுபடுகிறது என்றெல்லாம் குறித்து வைத்தார்.

1970இல் அவர் அமெரிக்காவில் இருந்தபோது நடந்த தீ வைப்பில், அந்தக் குறிப்புகளைக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்திருந்தவை கருகிப் போயின. அவர் மனம் தளரவில்லை. நினைவில் இருந்ததைக் கொண்டே எழுதினார். 1976இல் வெளியான அந்த நூலின் பெயரே 'நினைவில் நிற்கும் கிராமம்' என்று பொருள்படும்.

தேர்தல் வந்தால் டீக்கடையில் நாம் பேசும் 'ஓட்டு வங்கி' என்ற சொல்லை முதலில் எழுதியவர் இவரே என்று சொல்வார்கள். ஒரு கிராமத்தில் எண்ணிக்கையும் நிலமும் கையில் வைத்திருக்கும் சாதியே ஆதிக்கம் செய்கிறது என்பதை எடுத்துக் காட்டி அதற்குப் பெயர் சூட்டியவரும் இவரே. நாம் தினமும் பார்த்தும் கவனிக்காமல் விட்டதை அவர் கவனித்து எழுதினார்.

கன்னடம் நுழைந்தது, கதவு திறந்தது

இவ்வளவும் நடந்தது பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிராமத்துப் பிள்ளை உள்ளே வர வேண்டுமானால் அவன் மொழி உள்ளே வர வேண்டும். கன்னட நாட்டில் அமைந்த பல்கலைக் கழகத்தில் கன்னட எம்.ஏ. வகுப்பு தொடங்கியது 1927இல்தான். அதாவது பதினோரு ஆண்டுகள் ஆயின. ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே கன்னடத்துக்காக வாதாடிய பி.எம். ஸ்ரீகண்டய்யா போன்றவர்களின் உழைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. 1930களில் பேராசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று கன்னடத்தில் சொற்பொழிவாற்றவும், அவை மலிவு விலைச் சிறு நூல்களாக வரவும் ஏற்பாடு ஆயிற்று.

அந்த ஆரம்ப கால கன்னட எம்.ஏ. மாணவர்களில் ஒருவர் மலைநாட்டுக் கிராமத்திலிருந்து வந்த குவெம்பு. அதே கல்லூரியில் விரிவுரையாளர், பிறகு முதல்வர், 1956 முதல் 1960 வரை பல்கலைக் கழகத் துணைவேந்தர். ஞானபீடப் பரிசு பெற்ற முதல் கன்னடக் கவிஞரும் அவரே. ஊருக்கு மேற்கே 700 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் முதுகலைப் படிப்புகளுக்கென்று தனி வளாகம் அமைத்து, 'மானஸகங்கோத்ரி' என்று பெயர் வைத்தார். மனம் என்னும் கங்கை பிறக்கும் இடம் என்று பொருள்.

பிறகு கலைப் பிரிவு கிளை விட்டது. 1966இல் கன்னட ஆய்வு நிறுவனம் வந்தது. 1968இல் ஜெயலட்சுமி விலாஸ் மாளிகையில் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் அமைந்தது. ஏரும் உலக்கையும் தோல்பாவையும் பல்கலைக் கழகத்துக்குள் மரியாதையோடு நுழைந்தன. 1969இல் மத்திய அரசின் இந்திய மொழிகள் நிறுவனம் அதே பகுதியில் தொடங்கப்பட்டது. மற்ற மாநிலப் பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கித் தமிழ் கற்றுக் கொள்ளும் பயிற்சியை நடத்தி வந்தது இந்த நிறுவனத்தின் தென் மண்டல மையம்தான் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

கதவு திறந்ததால் யார் வந்தார்கள்? எங்கள் ரயில் பாதையிலுள்ள நஞ்சன்கூடு தாலுகாவின் தேவனூர் கிராமத்துத் தலித் குடும்பத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். மைசூரில் படித்தார். இந்திய மொழிகள் நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்தார். அவர்தான் எழுத்தாளர் தேவனூர் மகாதேவ. இந்தப் பக்கத்து ஏழை மக்கள் பேசும் பேச்சிலேயே அவர் எழுதிய 'குசுமபாலெ' நாவலுக்கு 1990இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. நஞ்சன்கூட்டுச் சந்தையில் கேட்கும் பேச்சு, கல்லூரிகளில் பாடமாயிற்று.

சுவர்ண கங்கோத்ரி

மைசூரில் இத்தனை நடந்தும் சாமராஜநகருக்கு என்ன கிடைத்தது? 1997இல் இது தனி மாவட்டம் ஆனது. காடும் மலையும் மிகுந்த, பின்தங்கிய மாவட்டம். முதலமைச்சர் இங்கு வந்தால் பதவி போய் விடும் என்ற மூட நம்பிக்கையால் முதல்வர்களே பல காலம் எட்டிப் பார்க்காத ஊர் இது. சித்தராமையா முதல்வராக இருந்தபோது பல முறை வந்து போய் அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்.

மைசூர்ப் பல்கலைக் கழகம் தன் கிளையாக டாக்டர் அம்பேத்கர் முதுகலை மையத்தை இங்கே ஊருக்கு வெளியே அமைத்தது. மானஸகங்கோத்ரிக்குத் தங்கையாக, 'சுவர்ண கங்கோத்ரி' என்று பெயர் பெற்றது. மைசூர் வண்டியைப் பிடிக்காமலே எம்.ஏ. படிக்கலாம் என்ற நிலை வந்தது. 2023இல் மாநிலத்தில் சேர்ந்தாற்போல் தொடங்கப்பட்ட ஏழு புதிய பல்கலைக் கழகங்களில் ஒன்றாக, இந்த மையமே சாமராஜநகர்ப் பல்கலைக் கழகமாக உயர்த்தப்பட்டது. முதல் துணைவேந்தராக வந்த பேராசிரியர் எம்.ஆர். கங்காதர் மானிடவியல் துறையைச் சேர்ந்தவர். பலவகை மக்கள் வாழும் மாவட்டத்துக்கு மனிதர்களை ஆராயும் துறையிலிருந்து துணைவேந்தர் வந்தது பொருத்தமே.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2025 பிப்ரவரியில், துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தலைமையில் அமைந்த அமைச்சரவைத் துணைக் குழு, முந்தைய ஆட்சியில் தொடங்கப்பட்ட பத்துப் பல்கலைக் கழகங்களில் ஒன்பதைத் தொடர வேண்டாம், பழைய பல்கலைக் கழகங்களோடு சேர்த்து விடலாம் என்று கூறியது. பீதர் மட்டும் தப்பியது. ஒன்பதில் சாமராஜநகரும் ஒன்று.

இரு தரப்பு நியாயம்

அரசு சொன்ன காரணங்களை அலட்சியப் படுத்த முடியாது. போதிய பணம் இல்லை, இடம் இல்லை, ஆசிரியர் இல்லை, மாணவர் எண்ணிக்கை குறைவு என்றார்கள். போர்டை மாட்டி விட்டுப் பணம் ஒதுக்காமல் விட்டால் எந்தப் பல்கலைக் கழகமும் நடக்காது. நிரந்தர ஆசிரியர் இல்லாமல், அதிதி உபன்யாசகர்கள் எனப்படும் கெளரவ விரிவுரையாளர்களை வைத்துக் காலம் தள்ளுவது மாநிலம் முழுவதும் உள்ள குறை. மைசூரோடு சேர்த்தால் வகுப்புகள் உடனே மூடப்படும் என்றும் பொருள் இல்லை. பழைய பெயருள்ள பட்டமே மேல் என்று நினைக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எதிர்த் தரப்பில் உள்ளவர்கள் கேட்பதும் நியாயமே. பத்து ஆண்டுகள்கூட ஆகாத ஒன்றை எண்ணிக்கை பார்த்து எடை போடலாமா? மைசூர்ப் பல்கலைக் கழகமே தன் நாட்டு மொழியில் எம்.ஏ. தொடங்கப் பதினோரு ஆண்டுகள் எடுத்துக் கொண்டது. தனி வளாகம் வர நாற்பத்து நான்கு ஆண்டுகள். அதற்குப் பொறுமை காட்டிய நாடு இதற்கும் கொஞ்சம் காட்டக் கூடாதா? தலைமை இடம் அறுபது கிலோ மீட்டருக்கு அப்பால் போய் விட்டால், புதிய துறை வேண்டும், விடுதி வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் குரல் அங்கே எட்டுமா? ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டு விட்டு மைசூர் போக வேண்டியவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள்தானே?

இங்கே ஆராய என்ன உண்டு?

"இந்தக் காட்டுப் பக்கம் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு பட்டியல்.

கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறியபோது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் பள்ளிப் படிப்பு என்ன ஆயிற்று? எல்லைக்கு அந்தப் பக்கம், ஈரோடு மாவட்டத் தாளவாடியில் கன்னடம் பேசுவோர் வாழ்கிறார்கள். கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊர் காஜனூர் அங்கேதான். அவர்கள் நிலை என்ன? இரு பக்கத்தையும் தெரிந்தவர்கள் எழுதினால்தான் முழுக் கதை வரும்.

அருகே தலக்காட்டில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர்கள் அவ்வூரை ராஜராஜபுரம் என்று அழைத்தனர். மாதேசுவரன் மலைக்கு சேலம், தருமபுரி, ஈரோட்டிலிருந்து நம்மவர்கள் ஆண்டுதோறும் வந்து குவிகிறார்கள். கம்சாளே என்னும் வெண்கலத் தாளத்தைத் தட்டியபடி மாதேசுவரன் கதையை இரவு முழுவதும் பாடும் கலைஞர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

பிளிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினரின் வன உரிமைகள், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே 2011இல் ஏற்கப்பட்டன. அம்மக்களிலிருந்தே முனைவர் பட்டம் பெற்றவர்கள் வந்து விட்டார்கள்.

இவ்வளவு ஏன், நமது குவாரித் தொழிலாளர்களையே எடுத்துக் கொள்ளுங்கள். எத்தனை குடும்பம், எந்த ஊரிலிருந்து வந்தது, பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கின்றன, கல் தூசியால் யாருக்கு என்ன நோய் என்று யார் கணக்கெடுத்தார்கள்? வெளியிலிருந்து வருபவர் கேள்வித் தாளோடு வந்து இரண்டு நாளில் திரும்பி விடுவார். குவாரிக்காரர் மகள் சமூகவியல் படித்தால், கேள்வித் தாள் இல்லாமலே பாதி விஷயம் அவளுக்குத் தெரியும்.

காவிரித் தண்ணீர்த் தகராறு வரும்போது எல்லையில் பஸ் நின்று விடுகிறது. இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கிறோம். அந்த நேரத்தில் இரண்டு மொழியும் அறிந்து, இரண்டு பக்கத்து வரலாறும் படித்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் அதன் அருமை தெரியும்.

நம்மவர் கவனத்துக்கு

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றுப் பாட்டை மறந்து பேசுவது சரியாகாது. கலைப் பட்டம் பெற்றதும் யாரும் வீடு தேடி வந்து வேலை தர மாட்டார்கள். ஆனால் பல கதவுகளுக்கு அந்தப் பட்டமே சாவி. பி.எட். சேர்த்துப் படித்தால் ஆசிரியர் வேலைக்கு முயலலாம். எம்.ஏ.வுக்குப் பின் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு எழுதினால் கல்லூரி விரிவுரையாளர் ஆகலாம். அரசுப் பணித் தேர்வுகளில் கேட்கப்படும் வரலாறு, அரசியல், பொருளாதாரம் எல்லாம் இந்தப் பாடங்களே. எங்கள் ரயில்வேயிலேயே ஸ்டேஷன் மாஸ்டர் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், பி.ஏ. போதும். அந்தத் தேர்வுக்கு என்னால் விண்ணப்பிக்க முடியாது. குவாரிக்காரர் மகளால் முடியும்.

பயணச் செலவு பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி: வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே சென்று வர, பட்டப் படிப்பு வரை மாணவிகளுக்கு ரயில்வே இலவச சீசன் டிக்கெட் தருகிறது. மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை இச்சலுகை உண்டு. அதற்கு மேல் படிப்பவர்களுக்கு மாணவர் சீசன் பாதிக் கட்டணம். கல்லூரித் தலைவர் கையெழுத்திட்ட படிவத்தைக் கொண்டு வர வேண்டும். கர்நாடக அரசு பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் சக்தி திட்டமும் 2023 ஜூனில் தொடங்கியது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தமிழகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டி இங்கே இட ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒரு மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் சலுகை, குடிபெயர்ந்த மாநிலத்தில் தானாகக் கிடைக்காது என்று சுப்ரீம் கோர்ட் 1990இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் நேரில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

அவருக்குச் சொன்ன பதில்

ஒரு விடுமுறை நாளில் சுவர்ண கங்கோத்ரி பக்கம் போனேன். வகுப்பு விட்டு வந்த பெண்கள் கையில் புத்தகத்தோடு பஸ்ஸுக்கு நின்று கொண்டிருந்தார்கள். மாலைச் சமையலுக்கு வீடு போய்ச் சேர்ந்து விடலாம் என்பதால்தான் வீட்டில் அனுமதித்தார்கள் என்று ஒரு பெண் சிரித்துக் கொண்டே சொன்னாள். மைசூர் என்றால் அவள் படித்திருக்க மாட்டாள்.

அடுத்த வாரம் குவாரிக்காரர் மறுபடி கவுண்டருக்கு வந்தார். ராதாகிருஷ்ணன் வண்டியை மாணவர்கள் இழுத்த கதை முதல் ஸ்டேஷன் மாஸ்டர் தேர்வு வரை சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு வருசம்தானே சார். மச்சானை ரெண்டு வருசம் பொறுக்கச் சொல்றேன். ஆனா ஒண்ணு. புள்ளய சேத்துட்டு, நடுவுல இந்தக் காலேஜை மூடிட்டாங்கன்னா நான் என்ன பண்றது? மைசூருக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல. பெங்களூரில் இருப்பவர்கள். பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும், சேர்ந்த பிள்ளைகள் சேர்ந்த ஊரிலேயே படித்து முடிக்கவும், நிரந்தர ஆசிரியர்கள் வரவும் அரசு உறுதி தர வேண்டும். நம்மவர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். மாணவர் இல்லை என்பதுதான் மூடுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நம் வீட்டுப் பெண்ணும் பையனும் போய்ச் சேர்ந்தால் அந்தக் காரணமாவது குறையும்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்து, மைசூரிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்ந்து, கலைக் கல்வி கடைசி ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது. வந்த வண்டியை வந்த வழியே திருப்பி அனுப்பி விடாமல் காப்பார்களா?